முதல் ஈற்றுக்கு முன்

இணையத்தில் ஓநாய் வளர்க்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் துப்பாக்கி கிடையாது, ஓட்டப் பந்தயம் கிடையாது. ஓர் ஓநாய்க் கூட்டத்தை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். வேட்டைக்கு அனுப்புவது, இரை போடுவது, ஆணையும் பெண்ணையும் இணை சேர்த்துக் குட்டி எடுப்பது, அந்தக் குட்டிகளிலிருந்து அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் உங்கள் வேலை. வோல்வ்டென் என்பது இந்த வகையில் பலரும் ஆடும் ஒரு விளையாட்டு. சிங்கம் வளர்க்கும் லியோடென் விளையாட்டை உருவாக்கியவர்களே 2020-இல் இதையும் கொண்டுவந்தார்கள். அதன் களம் வட அமெரிக்கக் காடும் மலையும் பனிவெளியும்.

இதில் புதிதாகக் காலெடுத்து வைப்பவர்களுக்காகவே இந்த உரை. விளையாடாதவர்களும் கேட்கலாம். நிஜ ஓநாய்களின் கதை இரண்டு இடையில் வரும்; அவை தெரியாமல் திரை ஓநாயையும் சரியாக வளர்க்க முடியாது என்பது என் கருத்து.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்திலேயே குட்டி எடுக்க அவசரப்படுவார். பெண் ஓநாய் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று திரை காட்டுகிறது, கையில் ஆண் ஓநாயும் இருக்கிறது, ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். காத்திருங்கள். குட்டி பிறந்தால் அதற்குக் கூட்டத்தில் இடம் வேண்டும். அந்த இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இரை வேண்டும், இரை வர வேட்டைக் குழு தேறியிருக்க வேண்டும். குட்டிகளைக் காவல் காக்க ஓர் ஓநாயை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். வோல்வ்டெனில் காவல் போதாத குட்டி, நாள் மாறும் நேரத்தில் இல்லாமல் போய்விடலாம். எனவே முதலில் வேட்டைக் குழுவை நிலைநிறுத்துங்கள். பதுங்கிப் பின்தொடர்வது, துரத்துவது, வீழ்த்துவது என்று ஒவ்வொரு வேலைக்கும் பொருத்தமான ஓநாய் எது என்று பாருங்கள். வலிமை, வேகம், லாவகம், அறிவு, சமயோசிதம் என ஒவ்வொன்றுக்கும் எண்கள் போட்டிருப்பார்கள். அழகாக இருக்கிறது என்று வைத்திருக்கும் ஓநாய் வேட்டையில் உதவாமல் போகலாம். மங்கிய நிறத்தில் இருப்பது கூட்டத்துக்கே சோறு போடலாம். கூட்டம் நாலைந்து நாள் பசியில்லாமல் ஓடுகிறது என்றால் அதன் பிறகு ஒரு பெண் ஓநாயைச் சினைக்கு விடுங்கள். ஒரே ஒரு பெண் ஓநாய் போதும்.

அடுத்து, எதற்காகக் குட்டி எடுக்கிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நிறமா, உடம்பில் உள்ள வரி, புள்ளி போன்ற குறிகளா, வேட்டைத் திறனா? மூன்றையும் ஒரே ஈற்றில் எதிர்பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு தலைமுறை அதையே தொடர்பவரின் கூட்டம் பார்த்த மாத்திரத்தில் தனியாகத் தெரியும். இந்தக் கலையின் அழகே அந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

நிறத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் நிஜ ஓநாய்களைப் பார்ப்போம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் அடியோடு ஒழிக்கப்பட்டிருந்தன. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். இன்று அங்கே உள்ளவற்றில் ஏறத்தாழப் பாதி கறுப்பு, மீதி சாம்பல். கறுப்புக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு. பள்ளியில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்கு அப்படியே பொருந்தும். கறுப்பு ஓங்கு பண்பு, சாம்பல் ஒடுங்கு பண்பு. சாம்பல் ஆணும் சாம்பல் பெண்ணும் சேர்ந்தால் குட்டி சாம்பல்தான், கறுப்பு பிறக்காது. கறுப்பும் சாம்பலும் சேர்ந்தால், அந்தக் கறுப்பு ஓநாய் இரண்டு வகை மரபணுவையும் சுமப்பதாக இருக்கும் பட்சத்தில், ஒவ்வொரு குட்டிக்கும் கறுப்பாகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதில் வியப்பான செய்தி என்னவென்றால், இந்தக் கறுப்பு நிறம் ஓநாய்க்குச் சொந்தமானதே அல்ல. எப்போதோ மனிதர் வளர்த்த நாயோடு கலந்ததால் வட அமெரிக்க ஓநாய்க்கு வந்து சேர்ந்தது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த மரபணு நிறத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, நோய் எதிர்ப்போடும் தொடர்புடையது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பக்கமும் கறுப்பு மரபணுவையே பெற்ற ஓநாய்கள் அரிதாகவே பிழைக்கின்றன. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல் என்று பெற்றவை நன்றாக வாழ்கின்றன. யெல்லோஸ்டோனில் கறுப்பும் சாம்பலும் ஒன்றையொன்று நாடிச் சேர்வது தற்செயலாக நடக்கக்கூடியதைவிட அதிகம் என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு, பாருங்கள்.

விளையாட்டில் நிறக் கணக்கு இத்தனை எளிதாக இராது. அங்கே பத்துக்கணக்கான அடிநிறங்கள், அவற்றில் கிடைப்பதற்கு எளியவை, அரியவை, மிக அரியவை என்று படிகள். எது எத்தனை விழுக்காடு அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதை விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த விதிதான் முடிவு செய்யும். அந்த விதிகளைத் தேடிப் படியுங்கள். ஆனால் நிகழ்தகவின் அடிப்படை இரண்டு இடத்திலும் ஒன்றே, அதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நாலில் ஒரு வாய்ப்பு என்று திரை சொன்னால், நாலு குட்டி போட்டால் ஒன்று நிச்சயம் என்று பொருள் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால், நாலு குட்டி உள்ள ஈற்றில் நீங்கள் கேட்ட நிறம் ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பதினாறு குட்டி பிறந்தும் ஒன்றும் வராமல் போக நூறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் ஆடும் விளையாட்டில் நூறில் ஒருவர் என்பது நிறையப் பேர். அது உங்களுக்கு நடந்தால் விளையாட்டு ஏமாற்றுகிறது என்று கோபப்படாதீர்கள். மூன்று ஈற்றாக வரவில்லை, அடுத்ததில் வந்தே தீரும் என்று நம்பிக் கையிருப்பையெல்லாம் செலவழிக்கவும் செய்யாதீர்கள். முந்தின ஈற்றில் என்ன பிறந்தது என்பது அடுத்த குட்டிக்குத் தெரியாது. அதற்கும் அதே நாலில் ஒன்றுதான்.

இப்போது, நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். வம்சாவளி.

ஒவ்வொரு ஓநாய்க்கும் ஒரு வம்சாவளிப் பக்கம் இருக்கும். தாய் தந்தை யார், பாட்டன் பாட்டி யார் என்று அதில் பார்க்கலாம். நல்ல நிறத்தில் ஒரு குட்டி பிறந்ததும் அந்த நிறத்தை உறுதிப்படுத்த அதையே அதன் தந்தையோடோ உடன்பிறப்போடோ சேர்க்கலாமா என்ற ஆசை வரும். குறுக்கு வழி அது. நிஜத்தில் அந்தக் குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குச் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவைப் போலச் சாட்சி வேறில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அந்தத் தீவுக்கு 1940-களின் இறுதியில், ஏரி உறைந்த குளிர்காலத்தில், பனிக்கட்டி மேல் நடந்து ஓநாய்கள் வந்தன. அங்கே மூஸ் எனப்படும் பெரிய மான்கள் இரையாகக் கிடைத்தன. 1958-இலிருந்து விஞ்ஞானிகள் அந்தத் தீவைக் கவனித்து எழுதிவருகிறார்கள். 1980-இல் ஐம்பது ஓநாய்கள். பிறகு நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ் பரவி 1982-க்குள் பதினாலாகச் சரிந்தன. மிஞ்சியவை தங்களுக்குள்ளேயே இணை சேர்ந்தன. முதுகெலும்பு கோணலாக அமைந்த ஓநாய்கள் பெருகின.

1997-இல் பனிக்கட்டி வழியாக ஓர் ஆண் ஓநாய் தனியாக வந்து சேர்ந்தது. புது ரத்தம். அது வலிமையாக இருந்தது, நிறையக் குட்டிகளுக்குத் தந்தையானது. முதலில் தீவுக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் சில தலைமுறைகளில் தீவில் இருந்த ஏறத்தாழ எல்லா ஓநாயும் அந்த ஒன்றின் வழிவந்தவையாகிவிட்டன. மறுபடியும் உறவுக்குள்ளேயே சேர்க்கை. 2016-இல் மிஞ்சியவை இரண்டே இரண்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவை தந்தையும் மகளும். இரண்டுக்கும் தாய் ஒன்றே என்பதால் உடன்பிறப்புகளும்கூட. அந்த இரண்டிலிருந்து வம்சம் எழவில்லை. கடைசியில் 2018, 2019-இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் தீவில் மீண்டும் ஓநாய்க் கூட்டம் உருவானது.

இந்தக் கதையின் பிற்பாதியைப் புதியவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். தீவைச் சிக்கலில் மாட்டியது பலவீனமான ஓநாய் மட்டுமல்ல, எல்லோருக்கும் தந்தையான ஒரு சிறந்த ஓநாயும்தான். விளையாட்டிலும் இதே நடக்கிறது. ஒருவரிடம் அபூர்வ நிறத்தில் பொலிக்கு விடும் ஆண் ஓநாய் இருக்கும். எல்லோரும் கட்டணம் கொடுத்துத் தங்கள் பெண் ஓநாய்களை அதனிடமே சேர்ப்பார்கள். சில வாரங்களில் சந்தைக்கு வரும் குட்டிகளின் வம்சாவளியில் அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் வேறு வேறு ஆட்களிடம் வாங்கிய இரண்டு ஓநாய்கள் ஒரே தந்தையின் பிள்ளைகளாக இருக்கலாம்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டே எல்லாவற்றையும் சேமித்து வைக்கிறதே என்பீர்கள். சேமிக்கிறது, ஆனால் ஏன் இந்த இரண்டைச் சேர்த்தீர்கள் என்பதை அது எழுதிவைக்காது. இணை சேர்த்த நாள், ஆணின் பெயர், பெண்ணின் பெயர், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன பிறந்தது, எதை வைத்துக்கொண்டீர்கள். இவ்வளவும் எழுதினால் போதும். கூட்டத்தில் ஒன்றுக்கொன்று உறவில்லாத நாலைந்து வம்சங்களையாவது தனித்தனியே காத்துவாருங்கள். அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட மெக்சிக ஓநாய் இன்று உயிரோடு இருப்பது ஏழே ஏழு மூல ஓநாய்களின் சந்ததியால். எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அவற்றை வளர்க்கும் உயிரியலாளர்கள் இன்றைக்கும் முடிவு செய்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தோடு நீங்கள் உட்காரும்போது அந்த உயிரியலாளர்கள் செய்யும் வேலையின் ஒரு சிறு பகுதியைச் செய்கிறீர்கள். சிறு பிள்ளை விளையாட்டு என்று இதை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

பிறந்த குட்டிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஓர் ஈற்றில் உங்கள் நோக்கத்துக்குப் பொருந்தும் ஒன்றை, அதிகம் போனால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடுங்கள், அல்லது புதிதாக வந்தவருக்குக் கொடுங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே தேர்வை முடித்துவிட்டால் சற்று எளிது. விற்கும்போது உறவு நெருக்கத்தை மறைக்காதீர்கள். வாங்குகிறவர் வம்சாவளிப் பக்கத்தைப் பார்க்கத்தான் போகிறார். பொலிக் கட்டணத்திலும் கவனம் வேண்டும். அதிகம் கேட்கிறார்கள் என்பதால் அந்த ஆண் சிறந்தது ஆகிவிடாது. உங்கள் நோக்கத்துக்குப் பொருந்தும் மலிவான ஆண் ஓநாய் தேடினால் கிடைக்கும்.

இந்த விளையாட்டுகளில் இரண்டு வகைக் காசு புழங்கும். ஒன்று ஆடிச் சம்பாதிப்பது. மற்றது உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கக்கூடியது. முதல் சில மாதங்களுக்கு உண்மைப் பணம் ஒரு பைசாகூடப் போடாதீர்கள். பொறுமையால் கிடைக்க வேண்டியதைப் பணத்தால் வாங்கிவிட்டால் வளர்ப்பில் கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. கடவுச்சொல்லைக் கேட்பவர், விளையாட்டுக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்பவர், இவர்களோடு பேச்சே வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சேர்வதற்கு முன் வயது விதியை நீங்களே படித்துப் பாருங்கள். அந்த வயது வந்த பிள்ளை வீட்டில் ஓநாய் வளர்க்கிறது என்றால், நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் குட்டிக்கு இந்த நிறம் யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். பிள்ளை வம்சாவளிப் பக்கத்தைத் திறந்து பாட்டன் வரை விளக்கினால், மரபியல் பாடத்தில் அது வகுப்புக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.