செயலிழந்த கைக்கு மின் தூண்டல்

பக்கவாதத்தால் செயலிழந்த கையில் தசையும் நரம்பும் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கின்றன. மூளையிலிருந்து வரும் கட்டளைதான் தடைப்படுகிறது. மின் தூண்டல் சிகிச்சைக்கு இவ்வுண்மையே அடிப்படையாகும். முன்கையின் தோல்மீது மின்முனைகளைப் பொருத்திச் சிறிதளவு மின்சாரம் செலுத்தினால், மடங்கிய விரல்கள் விரிகின்றன. அதே வேளையில் நோயாளியும் விரல்களை விரிக்க முயலுதல் வேண்டும். முயற்சியும் தூண்டலும் இணைவதே மூளையின் மறுகற்றலுக்குத் துணை செய்கிறது.

பிறிதொரு முறையில், மார்பின் தோலுக்கடியில் பொருத்தப்படும் கருவி, பயிற்சியின்போது கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 108 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. பயிற்சியுடன் தூண்டலும் பெற்றோருள் 47 சதவீதத்தினரும், பயிற்சி மட்டும் பெற்றோருள் 24 சதவீதத்தினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். அவ்வாண்டே அமெரிக்க அரசு இக்கருவிக்கு அனுமதி வழங்கியது. ஆயினும், கருவியே போதுமெனக் கருதிவிடலாகாது. இரு பிரிவினரும் தீவிரப் பயிற்சி பெற்றவர்களே.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடைபெற்ற ஆய்வு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தினரைப் பழக்கி, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் முறையை அது சோதித்தது. ஆறு மாத முடிவில் இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை. பரிவு மட்டும் போதாது என்பதே இதனால் பெறப்படுவது.

கருவி வாங்குவது ஒரு முறைச் செலவு. இயன்முறை சிகிச்சையாளரின் ஊதியம் ஆண்டுதோறும் தொடரும் செலவு. முன்னதற்கு மட்டும் நிதி ஒதுக்கப்படும் மாவட்ட மருத்துவமனையில் கருவி அலமாரியில் கிடக்கும். உழைத்துப் பிழைத்தவரின் கை மடங்கியே இருக்கும். திட்டமிடுவோர் இவ்விரண்டையும் ஒருசேர ஒதுக்குதல் வேண்டும்.