குத்தகை நிலமும் கோப்பிக் கடையும்



உணவுக்கடை ஒன்றைப் பற்றிப் பேசுவது இலக்கியப் பேச்சாகுமா என்று சிலர் ஐயுறலாம். பட்டினப்பாலையைப் படித்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அங்கிருந்த அட்டிற்சாலைகளை மறக்காமல் பாடுகிறார். வடித்த கஞ்சி தெருவிலே ஆறுபோல ஓடுகிறது. எருதுகள் பொருத அது சேறாகிறது. தேர்கள் ஓட அச்சேறு புழுதியாகிறது. அந்தப் பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை சொல்லும். அட்டிற்சாலையின் அடுப்புக்கல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. அப்படி ஒன்று இருந்ததை நாம் அறிவது, ஒரு புலவர் அதைப் பாட்டில் வைத்துப்போன காரணத்தால்.

இன்னொரு கடற்கரைப் பட்டினமான சென்னையில், நம் காலத்திலேயே இருந்து மறைந்த ஓர் உணவுச்சாலையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். கதீட்ரல் சாலையில் 1962ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டு மூடப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ் இன் என்பது அதன் பெயர்.

அதை நிறுவியவர் கே. கிருஷ்ணராவ். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, அடுக்களை வேலையில் தொடங்கி உயர்ந்தவர். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் என்ற பெயருடைய மாளிகையொன்றைக் குத்தகைக்கு எடுத்து அவர் ஹோட்டல் நடத்தினார். மாளிகையின் பெயரே ஹோட்டலுக்கும் ஆயிற்று. பிற்பாடு வேறிடங்களுக்குப் போனபோதும் அந்தப் பெயரைக் கூடவே எடுத்துச் சென்றார். ஊரெல்லாம் புகழ்பெற்ற பெயர், இரவல் வீட்டிலிருந்து வந்த பெயர் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரில் இருந்தபடியே சாப்பிடுவது அமெரிக்காவில் பிறந்த வழக்கம். கிருஷ்ணராவ் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில், பெரிய மரங்களின் நிழலில் கார்கள் நிற்கும். பரிமாறுபவர் தட்டைக் கொண்டுவந்து கார்க் கதவிலே மாட்டிவிட்டுப் போவார். தட்டில் மசாலா தோசையும் சோளா பட்டூராவும் டபராவில் கோப்பியும் இருக்கும். உள்ளே மண்டபத்தில் மேசை நாற்காலிகளும் உண்டு. கார் வைத்திருப்போரை எண்ணித் தொடங்கிய கடையில், காலப்போக்கில் கார் இல்லாதவர்களே உரிமையோடு உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்காரர்கள், சினிமாவில் வாய்ப்புத் தேடுவோர், மருந்துக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள், மாணவர்கள் என்று பலருக்கும் அது வரவேற்பறையாகவும் அலுவலகமாகவும் இருந்தது. ஒரு கோப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு அரைநாள் பேசலாம்.

2006இல் நான் அங்கே ஒருமுறை போயிருக்கிறேன். உடன் வந்தவர் என் பெரியப்பா. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகளும் கணக்கிட்டன அல்லவா? அந்தக் கணக்கில் தலவாக்கலையிலிருந்து ரயிலேறி, நீலகிரியில் கொழுந்து மடுவத்துக்கே மறுபடி போய்ச் சேர்ந்தவர் அவர். கோப்பி குடித்து முடித்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தம்பி, இங்க யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டார்கள் என்றேன். "நல்ல கடை" என்றார். மேலும் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டே எழுந்தோம்.

எந்திரிக்கச் சொல்லும் நாள் அந்தக் கடைக்கே வந்தது. நிலம் கடைக்காரருடையதல்ல. அந்த நிலம் பற்றி அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே நீண்டகாலம் வழக்கு நடந்தது. முடிவில் நிலம் அரசின் கைக்குப் போக, 2008இல் அடுப்பு அணைந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் வந்துபோனவர்களின் பழக்கத்துக்கு எந்தப் பத்திரத்திலும் இடமில்லை.

இதோடு ஒப்பிட, ஐரோப்பாவில் ஒரு கடையுண்டு. ஸ்பெயின் நாட்டில், ரோசஸ் என்ற கடற்கரை ஊருக்கு அருகே இருந்த எல் புல்லி அது. 1961இல் ஒரு ஜேர்மானியரும் அவர் மனைவியும் தொடங்கிய சிறிய கேளிக்கையிடம், பெரான் அட்ரியா என்ற சமையற்கலைஞரின் கையில் உலகின் முதல்தர உணவகமாக வளர்ந்தது. புகழின் உச்சியில் இருந்தபோது, 2011 ஜூலையில் அவரே அதை மூடினார். 2023இல் அதே இடம் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. மூடும் நாளையும் பிறகு வைக்கும் நினைவையும் தாமே தீர்மானிக்க அவரால் முடிந்தது. சென்னைக் கடைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

அங்கே பிறகு எழுந்தது என்ன? 2010 நவம்பர் 24ஆம் நாள், அதே நிலத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. தமிழாசிரியனாகிய எனக்கு அந்தப் பெயர் மகிழ்ச்சி தரவேண்டும்; தரவும் செய்கிறது. பழைய மரங்களை வெட்டாமல் காத்தது நல்ல செயல். பொது நிலம் பொதுமக்களின் பூங்காவாவதைக் குறைசொல்ல நியாயமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மொழி வாழ்வது பெயர்ப்பலகையில் மாத்திரமல்ல. அதே மரங்களின் கீழ், கோப்பியை ஆற்றியபடி, கதையையும் அரசியலையும் வாய் ஓயாமல் பேசியவர்களின் தமிழும் செம்மொழியின் பங்குதான். அவர்கள் அங்கே இருந்த காலத்துக்கும் ஒரு கல் நட்டிருக்கலாம்.

சென்னைக் கடையின் கதை மலையகத்தாராகிய நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிறருடைய நிலத்தில் நெடுங்காலம் இருந்து, அதைத் தமதென்று எண்ணிப் பழகி, கையில் உறுதிப்பத்திரம் இல்லாமல் நிற்பது என்றால் என்னவென்று நம்மைவிட நன்கறிந்தவர் யார்? லயத்தில் பிறந்தவனுக்குக் காம்பராவும் தோட்டத்தினுடையது, வாசலில் நட்ட கொய்யாவும் தோட்டத்தினுடையது. இருநூறு ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்த சமூகத்தில், 7 பேர்ச்சஸ் காணியே இன்னும் பலருக்குக் கனவு. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபோது தலவாக்கலையின் முகமே மாறியிருந்தது. ஆற்றோரத்துக் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. பழைய நகரம் எப்படி இருந்தது என்று இன்று என் வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அம்மக்களின் வாழ்வை எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் அந்த மனிதர்கள் செக்றோலில் வெறும் பெயராகவே நின்றிருப்பார்கள். காணி நம் கையில் இல்லாத காலத்திலும் எழுத்து நம் கையில் இருந்தது என்பதற்கு அவர் சாட்சி.

நம் ஊர்களில் பஸ் நிலையத்தருகே பிளேன்டியும் பணிசும் விற்கும் கடைகள் இருக்கின்றன. சம்பள நாளில் அங்கே கடன் தீர்கிறது, கலியாணம் பேசப்படுகிறது, தொழிற்சங்க வழக்கு அலசப்படுகிறது. இவற்றில் எது அடுத்த ஆண்டு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எழுதும் ஆர்வமுள்ள இளைஞர்கள், கடை முதலாளியிடம் போய் உட்கார்ந்து, எந்த ஆண்டு தொடங்கினார், முதல் நாள் பிளேன்டி என்ன விலை, யார் யார் எந்த வாங்கில் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பெரிய இலக்கியமாக வரவேண்டும் என்பதில்லை. கடை இருக்கும்போதே கேட்டு எழுதினால் போதும்.