காத்துல சாய்ஞ்ச வாழைக்குக் காப்பீடு எங்கே?

(வட்டாட்சியர் அலுவலகம் முன் நடந்த தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியது)



கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடையிலிருந்து வந்திருக்கிற அண்ணாச்சிமாருக்கு வாழையைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டாம். கன்னு நட்டு, மண் அணைச்சு, உரம் வச்சு, பக்கக்கன்னு அறுத்து, பத்து மாசம் பிள்ளை மாதிரி பார்க்கோம். ஏத்தன் குலை தள்ளி, காய் திரள்ற நேரத்துல சூறைக்காத்து வரும். கால்மணி நேரம்தான். கம்பு முட்டுக்கொடுத்த வாழையும் நடுவுல முறிஞ்சிரும். முத்தாத தாரை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். விழுந்ததை அப்புறப்படுத்தவும் நாமதான் கூலி கொடுக்கணும். தார் வெட்டிச் சுமந்து லாரியில ஏத்துற தொழிலாளிக்கு அந்த வருச வேலையே போச்சு. அவர் பேரு எந்த நஷ்டக் கணக்கிலும் வராது.

எனக்கும் ஒரு வருசம் அப்படித்தான் விழுந்தது. 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு விதி. நான் மறுநாள் காலையிலேயே போன் போட்டேன். ஒரு பிள்ளை மரியாதையாத்தான் கேட்டுது: “ஆலங்கட்டி மழையா, நிலச்சரிவா ஐயா?” “காத்தும்மா” என்றேன். “காத்து லிஸ்ட்ல இல்லையே ஐயா.” அந்தப் பிள்ளையை ஏசி என்ன செய்ய?

2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தோட்டப் பயிருக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. நெல்லுக்கு 2 சதவீதத்தைத் தாண்டாது. 2020 வரை பயிர்க்கடன் வாங்கினவனிடம் கேட்காமலே பிடித்தார்கள். ஆனால் தனி வயலைப் பார்த்துப் பணம் கொடுப்பது ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம், மேகவெடிப்பு, இடித்தீ போன்றவற்றுக்குத்தான். தாமிரபரணிக் கரை வாழைக்கு நிலச்சரிவு எங்கே வருது? மத்ததெல்லாம் பிர்க்கா முழுக்கச் சராசரி. காத்து ஒரு வயலை அடிக்கும், அடுத்த வயலை விட்டுட்டுப் போகும். சராசரி பார்த்தால் மகசூல் நல்லாத்தான் தெரியும்! 2023 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாருக்கும் சேர்ந்து போச்சு, நாடே பார்த்தது. காத்துல போனவன் தனியா நிக்கான்.

2025 நவம்பரில் மத்திய அரசு, 2026 காரிப் பருவம் முதல் காட்டுவிலங்குச் சேதமும் இந்தப் பட்டியலில் சேரும் என்று அறிவித்தது. பன்னிகிட்ட பறிகொடுக்கிற மலையடிவார விவசாயிக்கு அது நியாயம், வரவேற்கிறோம். பன்னிக்கு இடமுள்ள பட்டியலில் காத்துக்கு ஏன் இல்லை? மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் வாழைக்கு, வானிலை அடிப்படையிலான காப்பீட்டில் பலத்த காற்றும் உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே, காற்றுச் சேதத்தைத் தனி வயலாகக் கணக்கெடு! பாட்டத்துக்கு எடுத்து உழுகிறவன் பேரில் அடங்கல் கொடு! அடங்கல் நிலக்காரர் பேரில் இருந்தால் பணமும் அவருக்குத்தானே போகும்?

அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லாரும் வரணும். பிரீமியம் ரசீதும், விழுந்த வாழையைப் பிடிச்ச போட்டோவும் கொண்டுவாங்க. ரசீது இல்லாத பாட்டக்காரர் ஒடிஞ்ச தாரையே தோள்ல தூக்கிட்டு வாங்க.