யூதித்தும் அவள் பணிப்பெண்ணும்



யூதித்து என்னும் கைம்பெண்ணின் வரலாறு கத்தோலிக்க விவிலியத்தில் தனியொரு நூலாக அமைந்துள்ளது. அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரின் பெத்தூலியா நகரை முற்றுகையிட்டு, நீர்நிலைகளைக் கைப்பற்றி, மக்களைத் தாகத்தால் வாட்டினான். ஊர்ப் பெரியோர் சரணடைய நாள் குறித்துவிட்டனர். அப்போது யூதித்து தன்னை அணிசெய்துகொண்டு, பணிப்பெண் ஒருத்தியுடன் பகைவன் பாசறை புகுந்தாள். நான்காம் நாள் இரவு, மதுமயக்கத்தில் கிடந்தவன் தலையை அவனுடைய வாளாலேயே கொய்தாள்.

இக்காட்சியை 1599-ஆம் ஆண்டையொட்டி உரோமையில் கரவாஜோ தீட்டினார். அவருடைய யூதித்து புருவத்தை நெரித்து, உடலைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி வாளை இழுக்கிறாள். அந்தக் கைக்கும் அந்த முகத்துக்கும் உறவே இல்லைபோலும்! கிழவியாகிய பணிப்பெண், தலையை வாங்கத் துணியுடன் அருகே நிற்கிறாள்.

கரவாஜோவுடன் பழகிய ஓவியர் ஒராசியோவின் மகள் ஆர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கி, 1593-இல் பிறந்தவர். அவரும் இதே காட்சியை இருமுறை தீட்டினார். 1612-13 அளவில் வரைந்தது நேப்பிள்ஸ் நகரின் கப்போடிமோந்தேயிலும், 1620 அளவில் வரைந்தது புளோரன்ஸ் நகரின் உஃபீஸியிலும் உள்ளன. இவற்றில் பணிப்பெண் இளையவள். சட்டைக் கைகளை மேலேற்றி, தன் பாரம் முழுவதையும் ஒலோபெரின்மீது சாய்த்து அழுத்துகிறாள். அவன் முட்டி அவளை நோக்கி எழுகிறது. யூதித்தின் ஒரு கை அவன் முடியைப் பற்ற, மறுகை அறுக்கிறது. இது வேலை, அதுவும் ஒருவரால் ஆகாத வேலை.

மூலநூலிலோ பணிப்பெண் அறைக்கு வெளியே நிற்கிறாள். நாளெல்லாம் பிறர் வாக்கியங்களை மொழிபெயர்க்கும் தொழிலினராகிய நமக்கு, மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது குற்றம். ஆதலின் முதலில் இது நம்மை உறுத்தியது. கரவாஜோவும் அவளை உள்ளே அழைத்தவரே. ஆயினும் அவளுக்கு அவர் வேலை கொடுத்தாரில்லை.

1611-இல் ஆர்த்தெமீசியாவை அகோஸ்தீனோ தாஸி என்னும் ஓவியன் வன்முறையால் கெடுத்தான். மறு ஆண்டு வழக்கு ஏழு மாதம் நடந்தது. உண்மையைச் சோதிக்கவென்று, தூரிகை பிடிக்கும் அவர் விரல்களைக் கயிற்றால் இறுக்கினர். சொன்னதை அவர் மாற்றவில்லை. தாஸி குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. தண்டனையோ பெயரளவில் நின்றது. அன்று வீட்டிலிருந்த வேறொரு பெண்ணைக் கூவி அழைத்தும் அவள் துணைக்கு வரவில்லை என்பதும் அவருடைய சாட்சியம்.

ஆகவே இப்படத்தைப் பழிவாங்கும் படம் என்று ஒரே சொல்லில் முடிப்பார் உளர். நாம் அதற்கு முழுதும் உடன்படோம். அச்சொல் யூதித்துக்குப் பொருந்தலாம். பணிப்பெண்ணுக்கு என் செய்வது? கூவியபோது வராத ஒருத்தியின் இடத்தில், கூவாமலே வந்து கைகொடுக்கும் ஒருத்தியை அவர் நிறுத்தினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. மேலும், அவர் தொழில் தேர்ந்த ஓவியர். 1616-இல் புளோரன்ஸ் ஓவியக் கழகம் ஏற்றுக்கொண்ட முதல் பெண்மணி. உஃபீஸிப் படத்தில் தம் பெயரை வாளின் அலகிலேயே பொறித்திருக்கிறார்.

சில ஆண்டுகள் கழித்து அவர் தீட்டிய மற்றொரு படம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ளது. செயல் முடிந்துவிட்டது, ஒற்றை மெழுகுவத்தி எரிகிறது. பணிப்பெண் மண்டியிட்டுத் தலையைப் பைக்குள் இடுகிறாள். வெளியே ஏதோ அரவம். யூதித்து வாளை விடாமல், மறுகையைச் சுடருக்கு முன் உயர்த்துகிறாள். அதன் நிழல் அவள் முகத்தில் விழுகிறது. இருவரும் ஒரே திசையில் திரும்பிச் செவிசாய்த்திருக்கின்றனர்.