குரல்வளை மூடி
(கல்விச் சங்க வெள்ளி விழாவையொட்டிக் கொல்லிமலையில் நிகழ்த்திய உரை)

 

கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்க உதவுமாயின் அதனினும் பெரிய பயன் வேறில்லை. ஆதலின், நம் தொண்டைக்குள் இருக்கும் ஒரு சிறு உறுப்பைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். அதன் பெயர் குரல்வளை மூடி.

உண்ணும் உணவும் விடும் மூச்சும் தொண்டையில் ஒரே வழியாகவே செல்கின்றன. அதற்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது. முன்னிருப்பது மூச்சுக்குழல், பின்னிருப்பது உணவுக்குழல். நாவின் அடியில், இலை வடிவில், குருத்தெலும்பால் அமைந்த இம்மூடி அவ்விடத்தில் காவல் நிற்கிறது. மூச்சு விடும்போது நிமிர்ந்திருக்கும். விழுங்கும்போது பின்புறம் மடிந்து குரல்வளையை மூடும்.

கழுத்தின் முன்புறத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை எழுந்து இறங்குவதை உணர்வீர்கள். அந்நொடியில் மூடி மடிகிறது. கீழுள்ள குரல்நாண்களும் சேர்ந்து அடைக்கின்றன. மூச்சு தானே நின்று மீள்கிறது.

உண்ணும்போது பேசினாலும் சிரித்தாலும் இவ்வொழுங்கு தவறக்கூடும். அதனையே புரையேறுதல் என்கிறோம். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறோம். நினைப்பவர் காரணமல்லர், தட்டுவது மருந்துமன்று. இருமலே காப்பாற்றுகிறது. இருமுபவரை இரும விடுங்கள்.

நினைவோடு இருப்பவர்க்கே இக்காவல் முழுமையாக உண்டு. மயங்கியவர் வாயிலோ, வலிப்பு வந்தவர் வாயிலோ தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குச் செல்லக்கூடும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து புகட்டுவதும் அத்தகையதே. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை காற்றோடு மருந்தையும் உள்ளிழுத்துவிடும். அன்பினால் செய்வதே ஆபத்தாகிறது.

காரவள்ளியிலிருந்து நம் மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மூச்சு அடைபட்டால் மூளை தாங்குவதோ சில நிமிடங்களே. 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்; ஆயினும் அது வரும்வரை காப்பவை அருகிலிருப்போர் கைகளே.

பலாக்கொட்டையோ நிலக்கடலையோ அடைத்து, ஒருவர் பேசவும் இருமவும் இயலாது திணறினால், அவரை முன்புறம் குனியச் செய்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். பயனில்லையேல், பின்னின்று அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கையை வைத்து, 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்யுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தலாகாது. முன்கையில் தலை தாழக் கவிழ்த்து முதுகில் 5 முறை தட்டி, பின் மல்லாத்தி நடுமார்பில் 5 முறை அழுத்துங்கள்.

இளைஞர்களே! இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை, பயிற்சி போதும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் கேட்டுப் பழகுங்கள். வீட்டுக்கு ஒருவரேனும் இதனை அறிந்திருப்பாராக.