பாசத்துக்கு அல்ல, பத்து மணி நேரத்துக்குக் கூலி

(வீட்டுவேலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பதினோரு வருடம் பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்குமாடி வீடுகளில் பிள்ளை பார்த்தேன். நாலு வருடமாகக் கண்ணகி நகரில் என் வீட்டிலேயே மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் கூலியைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள்.

சம்பளம் கேட்கும்போது நம் குரல் தானாக இறங்கிவிடுகிறது. "நீங்களே பார்த்துக் குடுங்கம்மா" என்கிறோம். எந்தக் கொத்தனாராவது அப்படிச் சொல்வாரா? என் பாட்டி களத்துமேட்டில் முந்தானையை விரித்து நின்றாள். அளந்து போட்டது நெல்லா பதரா என்று அவளால் கேட்க முடியாது. சேரிப் பெண்ணுக்குக் கூலி என்றால் கொடுக்கிறவர் மனசு வைத்துக் கொடுப்பது என்று பழக்கிவிட்டார்கள். நெல்லுக்குப் பதில் எனக்குப் பழைய புடவையும் நேற்றைய சாம்பாரும் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். என் மடியில்தான் தூங்கும், நான் ஊட்டினால்தான் சாப்பிடும். எனக்குத் தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர், பால்கனியில். ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டபோது அந்த அம்மா, "பாசத்துக்குப் போய்க் காசு கேக்கறியே, நீ எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்றார். வீட்டு மனுஷியின் டம்ளர் ஏன் பால்கனியில் இருக்கிறது என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பாசம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் நான் காசு கேட்டது பாசத்துக்கு இல்லை, பத்து மணி நேரத்துக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையை நம் கையில் கொடுப்பார்கள். நம் ஏரியாவுக்கு அனுப்பமாட்டார்கள்.

வீட்டுவேலைத் தொழிலாளருக்கு நலவாரியம் வந்தது 2007இல். 2018இல் தமிழ்நாடு அரசு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தது. அந்த மணிக்கணக்கைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் போடுகிற கணக்கு இது: ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 260 மணி. மணிக்கு 50 ரூபாய் என்றால் 13,000. கேஸ், சோப்பு, கரண்டுக்கு 500. மூன்று பிள்ளைக்குப் பிரித்தால் ஆளுக்கு 4,500. இதைத் தாளில் எழுதிக் காட்டுகிறேன். காட்டியபிறகு பேரம் பேசுவது குறைந்திருக்கிறது.

பிள்ளை வராத நாளுக்குக் கழிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஊருக்குப் போனால் அந்த இடத்தை நாம் காலியாகத்தானே வைத்திருக்கிறோம்? எனக்குக் காய்ச்சல் வந்து நான் பார்க்காத நாளுக்குக் கழித்துக்கொள்ளட்டும், அது நியாயம். பணம் ஐந்தாம் தேதிக்குள், முன்கூட்டியே. நிறுத்துவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு வரவேண்டியவர் ஏழரைக்கு வந்தால் அந்த ஒன்றரை மணிக்கும் காசு உண்டு. டயப்பரும் பால்பவுடரும் அவர்கள் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் சேர்க்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் சண்டைதான் வரும்.

இப்போது எனக்குக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிற மூன்று பிள்ளைகளில் ஒன்று தூய்மைப் பணியாளரின் பிள்ளை. நம்ம பொண்ணுதான் அவள். விடிவதற்கு முன் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறாள். அந்த நேரத்தில் எந்த அங்கன்வாடி திறந்திருக்கும்? அவளிடம் 4,500 கேட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான். 2,000 வாங்குகிறேன். மீதி 2,500 மாதாமாதம் என் தலையில் விழுகிறது. ஏழைக்கு ஏழை உதவுவது என்று கைதட்டாதீர்கள், எனக்கும் வாடகை இருக்கிறது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பெண்ணின் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளி அந்தச் செலவில் ஒரு பங்கையாவது சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2017இல் திருத்திய மகப்பேறு சட்டம், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. குப்பை அள்ளுகிற ஒப்பந்தத்தில் எத்தனை ஐம்பது பேர் இருக்கிறார்கள்! அவள் பிள்ளைக்குத் தொட்டில் எங்கே?

அதனால் என் நோட்டில் அவள் பெயருக்கு நேராக 4,500 என்று எழுதி, வரவு 2,000, பாக்கி 2,500 என்று எழுதுகிறேன். "அக்கா, நான் எப்படிக்கா இவ்வளவு கட்டுவேன்?" என்று ஒருநாள் பார்த்துவிட்டுப் பதறினாள். "உன் பாக்கி இல்லடி, உன் கம்பெனிக்காரன் பாக்கி" என்றேன்.

உங்களிலும் பலர் இப்படிக் குறைத்து வாங்குகிறீர்கள் என்று தெரியும். எவ்வளவு குறைத்தோம் என்று எழுதிவைப்பதில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு நோட்டு கொண்டுவாருங்கள். எல்லார் பாக்கியையும் கூட்டி மனுவில் சேர்ப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு என் மகள் உட்கார்ந்து எழுதித் தருவாள்.