நல்ல சமாசாரம் வரும்போது...

(மஹிளா பிரிவின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் ஸ்லோகம், பண்டிகை, ஆரோக்கியம் என்று பல விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்தை நம் அகங்களில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். ஒரு பெண் குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். அதே குடும்பத்தில் ஓர்ப்படிக்கோ நாத்தனாருக்கோ நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று செய்தி வருகிறது. அந்த வேளையில் அவள் என்ன செய்வது, நாம் எப்படி நடந்துகொள்வது? மகப்பேறு மருத்துவராகப் பல வருஷங்கள் இருந்தவள் என்ற முறையில், கேட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலில் சில விவரங்கள். தம்பதிகள் 12 மாதம் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால், அதைக் குழந்தையின்மை என்று மருத்துவம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் இதை அனுபவிக்கிறார். ஆகவே இது எங்கோ யாருக்கோ நடப்பதல்ல. இந்த ஹாலிலும் இருக்கிறார்கள். காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணமே தெரியாமலும் போகலாம். ஆனால் நம் வீடுகளில் கேள்வி மட்டும் மாட்டுப்பெண்ணிடம்தான் போகிறது.

இந்த வேதனை ஏன் இவ்வளவு ஆழமானது? துக்கம் நடந்த வீட்டுக்கு நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். இங்கே கண்ணுக்குத் தெரிந்த இழப்பு எதுவும் இல்லை. ஆனால் மாதாமாதம் ஒரு நம்பிக்கை, மாதாமாதம் ஓர் ஏமாற்றம். ஐ.வி.எஃப். சிகிச்சை என்றால் ஊசிகள், ஸ்கேன்கள், பணம், கரு வைத்த பிறகு ஏறக்குறைய இரண்டு வாரக் காத்திருப்பு. பரிசோதனை முடிவு 'இல்லை' என்று வந்த அன்றே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஸ்கேன் படத்தைப் போடுகிறார்கள். ஐம்பது பேர் வாழ்த்துகிறார்கள். அவளும் வாழ்த்திவிட்டு, பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள்.

என்னிடம் வந்த பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இதுதான்: "டாக்டர், என் சொந்தத் தங்கைக்கு நல்லது நடந்திருக்கு. எனக்கு அழுகை வரதே, நான் பொல்லாதவளா?"

இல்லவே இல்லை. தங்கைக்குக் குழந்தை வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. தனக்கு இல்லையே என்று அழுகிறாள். இரண்டும் வேறு. சந்தோஷமும் துக்கமும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது.

காத்திருக்கும் பெண்களுக்குச் சில யோசனைகள். செய்தி வந்தால் அந்த நிமிஷமே போன் பேச வேண்டும் என்பதில்லை. "ரொம்ப சந்தோஷம், உடம்பைப் பார்த்துக்கோ" என்று இரண்டு வரி எழுதினால் போதும். மனசு அடங்கிய பிறகு பேசலாம். குழுவின் சத்தத்தைச் சில வாரம் அணைத்து வைப்பது குற்றமில்லை. சீமந்தம், வளைகாப்புக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் புடவையும் வளையலும் கொடுத்தனுப்பி ஆசீர்வாதம் சொல்லுங்கள். போவதென்றால் பந்திக்கு மட்டும் போய்விட்டுச் சீக்கிரம் கிளம்பலாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் கண்ணைக் காட்டினால் புரிந்துகொண்டு எழுந்து வரக்கூடியவராக அவர் இருக்கட்டும்.

கருவுற்றிருக்கும் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. உன் சந்தோஷத்துக்கு நீ வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் காத்திருக்கும் அக்காவிடமோ மன்னியிடமோ, குழுவில் போடுவதற்கு முன்பே தனியாகச் சொல்லிவிடு. கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம். நேரில் சொல்வதைவிட எழுத்தில் அனுப்புவது பல சமயம் நல்லது. முகத்தைச் சரிசெய்துகொள்ள அவளுக்கு அவகாசம் கிடைக்கும். "பாவம், வருத்தப்படுவாள்" என்று மறைக்காதே. எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் கடைசியில் தெரிவது இன்னும் பெரிய வலி.

இப்போது நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு. "விசேஷம் உண்டா?" என்ற கேள்வியை விட்டுவிடுவோம். விசேஷம் இருந்தால் அவர்களே சொல்லுவார்கள். திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வந்தாயா, ராமேஸ்வரம் போனாயா என்று ஆளாளுக்குக் கேட்பதும் வேண்டாம். கோயிலுக்குப் போவது மன நிம்மதி தரும். அவர்களுக்கே போகத் தோன்றினால் போகட்டும். ஆனால் போகாததால்தான் குழந்தை இல்லை என்பது போலப் பேசுவது அந்தப் பெண்ணின் மேல் பழி போடுவதாகும்.

வளைகாப்பில் அடுத்து அவளை மணையில் உட்கார வைத்து வளை அடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். சிலருக்கு அது ஆறுதலாகவும் இருக்கும். சிலருக்கோ நூறு பேர் முன்னால் தன் குறையைப் பறைசாற்றியது போல இருக்கும். ஆகவே முந்தின நாளே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தை இல்லாதவள் கண் பட்டுவிடும் என்று அழைக்காமல் விடுவதும், பச்சைக் குழந்தையைக் கையில் கொடுக்கத் தயங்குவதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. எந்தச் சாஸ்திரத்தின் பெயராலும் இந்தக் கொடுமையை நியாயப்படுத்த வேண்டாம். அழையுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

ஆண்களுக்கு: விந்துப் பரிசோதனை மிகச் சுலபமானது. மனைவிக்குப் பத்துப் பரிசோதனை முடிந்த பிறகு அதைச் செய்துகொள்வது நியாயமில்லை, முதலிலேயே செய்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவும் அத்தையும் கேட்கும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். உங்களுக்கும் வருத்தம் உண்டு. அதை மனைவியிடம் காட்டினால் அவள் தனியாக இல்லை என்று தெரிந்துகொள்வாள்.

சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 35 வயதுக்கு மேல் என்றால் 6 மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். 1978-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உலகுக்கு அறிவித்தபோது யாரும் நம்பவில்லை. இன்று இந்த வசதி நம் உறுப்பினர்கள் வாழும் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2021-ல் வந்த சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, செலவு, சாதக பாதகம் எல்லாவற்றையும் விளக்கி ஆலோசனை தருவது சிகிச்சை மையத்தின் கடமை. கூச்சப்படாமல் கேட்டுப் பெறுங்கள். எல்லோருக்கும் சிகிச்சை பலிப்பதில்லை என்பதும் உண்மை. தத்து எடுப்பதும், இருவர் மட்டுமே நிறைவாக வாழ்வதும் மதிக்கத்தக்க முடிவுகளே. அதை அவர்களிடம் விட்டுவிடுவோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

வெளியூர்களில் வாழும் நமக்குச் சங்கம்தான் பெரிய குடும்பம். மனசு நொந்திருக்கும் பெண்கள் இங்கே வரத் தயங்கினால் அது நமக்குத்தான் குறை. அடுத்த கூட்டத்துக்கு ஓர் இளம் தம்பதி வந்தால், வேலை எப்படி, வீடு பிடித்ததா, புதிதாக என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். பேசுவதற்கு எத்தனையோ இருக்கிறது.